அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை இல்லை

புலம்பெயர்ந்த தமிழர்களின் மேடைகளில் யூதர்களுக்கு அடுத்தபடியாக அதிகம் உதாரணம் காட்டப்படுகிறவர்கள் ஆர்மீனியர்கள்தான். முன்பெல்லாம் 1915 இன அழிப்பைச் சொல்வதோடு நிறுத்துவார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, சொல்லத்தான் வேண்டும். சில வருடங்களாக அதனோடு ஒரு வரைபடமும் சேர்ந்திருக்கிறது. மகா திக்ரான் என்ற மன்னனின் பேரரசு. காஸ்பியன் கடலிலிருந்து மத்தியதரைக் கடல் வரை ஒரே நிறம் பூசிய படத்தைத் திரையில் போட்டு, “மூவாயிரம் ஆண்டு அரச மரபு கொண்ட இனம், அதனால்தான் அவர்களை அழிக்க முடியவில்லை” என்கிறார்கள். அடுத்த படம் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பாக இருக்கும். கைதட்டல். பிறகு தேநீர்.

அந்த வாக்கியத்தின் முதற்பாதியும் தவறு, பிற்பாதியும் தவறு. ஆர்மீனியர்களுக்கு மூவாயிரம் ஆண்டு அரச மரபு கிடையாது. இருந்த மரபுகள் அவர்களைக் காப்பாற்றவும் இல்லை. காப்பாற்றியது வேறொன்று. அதைப் பார்க்காமல் மகுடத்தை மட்டும் கடன் வாங்கி வருவது ஆர்மீனியர்களுக்கும் அநியாயம், நம் பிள்ளைகளுக்கும் அநியாயம்.

முதலில் மூவாயிரம் ஆண்டு. இந்தக் கணக்கு வான் ஏரிக் கரையில் துஷ்பாவைத் தலைநகராக வைத்து ஆண்ட உரார்த்து அரசிலிருந்து தொடங்குகிறது. அதன் மன்னன் முதலாம் ஆர்கிஷ்டி கி.மு. 782இல் எரெபூனி என்ற கோட்டையைக் கட்டினான். இன்றைய யெரெவான் நகரின் எல்லைக்குள்தான் அந்த மேடு இருக்கிறது. அவன் பொறித்த ஆப்பெழுத்துக் கல்வெட்டு 1950இல் கிடைத்தது. 1968இல், சோவியத் ஆட்சிக் காலத்திலேயே, யெரெவான் தன் 2750ஆவது பிறந்தநாளைக் கோலாகலமாகக் கொண்டாடியது. நல்ல விழாதான். ஆனால் ஆர்கிஷ்டியின் கல்வெட்டு மொழி ஆர்மீனியம் அல்ல. ஆர்மீனியம் இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது. உரார்த்து மொழி அந்தக் குடும்பத்திலேயே இல்லை, அதற்கு நெருங்கிய உறவு ஹுர்ரியன் மட்டும்தான். ஆர்கிஷ்டி எழுந்து வந்து இன்றைய யெரெவான் தெருவில் வழி கேட்டால் யாருக்கும் புரியாது. பிறகு, ஏறத்தாழ கி.மு. 520இல், பாரசீக மன்னன் டேரியஸ் பெஹிஸ்தூன் பாறையில் தன் வெற்றிகளைப் பொறித்தபோது ஒரே நாட்டைப் பழம்பாரசீகத்தில் அர்மினா என்றும் பாபிலோனிய மொழியில் உராஷ்டு என்றும் எழுதினான். நிலம் ஒன்றுதான். பேசியவர்களும் ஆண்டவர்களும் மாறிக்கொண்டிருந்தார்கள்.

எரெபூனி பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அதை விழாக்களில் அதிகம் சொல்வதில்லை. அந்தக் கோட்டையில் குடியமர்த்த ஹாத்தே, சுபானி என்ற நாடுகளிலிருந்து 6,600 போர்வீரர்களைக் கொண்டு வந்ததாக ஆர்கிஷ்டியே தன் ஆண்டுக்குறிப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். ஊர் பெயர்த்து மனிதர்களைக் கொண்டு வருவதில்தான் யெரெவானின் வரலாறு தொடங்குகிறது. இதை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

திக்ரானுக்கு வருகிறேன், வரைபடத்தின் நாயகன் அவன்தானே.

கி.மு. 190இல் மக்னீசியாவில் ரோமர்களிடம் செலூக்கிய மன்னன் மூன்றாம் அந்தியோக்கஸ் தோற்றான். அந்த இடைவெளியில் அவனுடைய ஆளுநனாக இருந்த அர்த்தாஷெஸ் தன்னை அரசனாக அறிவித்துக்கொண்டான். ஆர்மீனியாவின் அர்த்தாஷெஸ் வம்சம் அப்படித் தொடங்கியது. அவனுக்கு முன் ஆண்டவர்கள் யெர்வந்துனி குலத்தார். அவர்களின் இடத்தைப் பிடித்த அர்த்தாஷெஸ், தான் நட்ட எல்லைக் கற்களில் தன்னையே யெர்வந்துனி என்று எழுதிக்கொண்டான். எழுதியது அராமிய மொழியில். வம்சம் என்பது எவ்வளவு வசதியான சொல் என்பதை அந்தக் கற்களைப் போல வேறெதுவும் காட்டுவதில்லை.

இந்த வம்சத்தில் வந்த இரண்டாம் திக்ரான் இளமையில் பார்த்தியர்களிடம் பணயக் கைதி. எழுபது பள்ளத்தாக்குகளைக் கொடுத்து விடுதலை பெற்று கி.மு. 95இல் அரியணை ஏறினான் என்கிறார் ஸ்திராபோ. பிறகு கொடுத்ததையும் மீட்டான், மேலும் பிடித்தான். கி.மு. 83இல் சிரியா அவன் கைக்கு வந்தது. நான்கு சிற்றரசர்கள் அவன் குதிரையோடு ஓடிவருவார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். நம் மெய்க்கீர்த்திகளில் இப்படி ஒரு வரி இருந்திருந்தால் அதைத் திரையில் போடாமல் விட்டிருக்கமாட்டோம்.

அவன் தனக்கென்று திக்ரானகெர்த்து என்ற புதுத் தலைநகரைக் கட்டினான். நகரை நிரப்ப ஆள் வேண்டும். கப்படோக்கியாவிலிருந்தும் சிலிசியாவிலிருந்தும் கிரேக்க நகரங்களிலிருந்தும் மக்களை வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்தான். பன்னிரண்டு கிரேக்க நகரங்களை வெறுமையாக்கினான் என்பது ஸ்திராபோவின் கணக்கு. கப்படோக்கியாவிலிருந்து மட்டும் மூன்று லட்சம் பேர் என்கிறார் அப்பியன். பண்டைய எழுத்தாளர்களின் எண்களைப் பாதியாக்கிப் படிக்கலாம். பாதியாக்கினாலும் அது ஒரு பேரழிவு.

கி.மு. 69இல் ரோமத் தளபதி லுகுல்லஸ் வந்தான். அவன் வருகிறான் என்று முதலில் சொன்ன தூதனின் தலையைத் திக்ரான் வெட்டினானாம், அதற்குப் பிறகு யாரும் உண்மையைச் சொல்லவில்லை என்கிறார் புளூட்டார்க். (இதைச் சில நிறுவனங்களின் கூட்டங்களில் நானே பார்த்திருக்கிறேன், தலை மட்டும்தான் போகாது.) அக்டோபர் 6ஆம் தேதி திக்ரானின் பெரும்படை ஒரே நாளில் சிதறியது. திக்ரானகெர்த்தின் கதவை ரோமர்களுக்கு உள்ளேயிருந்து திறந்துவிட்டவர்கள் அங்கிருந்த கிரேக்கர்கள். லுகுல்லஸ் நகரைக் கொள்ளையடித்தான், பிடித்துவரப்பட்டவர்களை அவரவர் ஊருக்குத் திருப்பி அனுப்பினான். கி.மு. 66இல் திக்ரானின் சொந்த மகனே பொம்பேயியை நாட்டுக்குள் அழைத்து வந்தான். கிழவர் தன் மகுடத்தைக் கழற்றி பொம்பேயியின் காலடியில் வைக்கப் போனார். 6,000 தாலந்து கட்டி, ஆர்மீனியாவை மட்டும் வைத்துக்கொண்டு, ரோமின் நண்பன் என்ற பட்டத்தோடு கி.மு. 55 வரை வாழ்ந்தார்.

திரையில் ஒரே நிறத்தில் வரும் பேரரசு உயிரோடிருந்தது இருபது ஆண்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகவோ குறைவாகவோதான். அதன் காசுகளில் இருக்கும் எழுத்து கிரேக்கம். அதன் தலைநகரம் அகதிகளால் நிரப்பப்பட்டது, அகதிகள் ஊர் திரும்பியதும் சுருங்கிப்போனது. ஊரிலிருந்து விரட்டப்பட்டவர்கள் கூடியிருக்கும் ஒரு மண்டபத்தில், மனிதர்களை ஊரிலிருந்து விரட்டிய ஒருவனின் படத்துக்குக் கைதட்டுவது எனக்கு வினோதமாகப் படுகிறது.

அடுத்த வம்சத்தை விரைவாகக் கடந்துவிடலாம். கி.பி. 63இல் ராந்தேயாவில் ரோமும் பார்த்தியாவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஆர்மீனியாவின் அரசனைப் பார்த்திய அரச குடும்பம் தேர்ந்தெடுக்கும், ரோம் முடிசூட்டும். பார்த்திய மன்னனின் தம்பி திரிதாத் 66இல் ரோம் வரை போய் நீரோ கையால் முடி வாங்கி வந்தான். இரண்டு முதலாளிகளுக்கு ஒரு மேலாளர். இந்த அர்ஷகுனி வம்சம்தான் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூன்றாம் திரிதாத் காலத்தில், கிறிஸ்தவத்தை அரச சமயமாக ஏற்றது. மரபுவழியில் சொல்லும் ஆண்டு 301, ஆய்வாளர்கள் பலர் 314 என்பார்கள். வம்சத்தின் மூலம் பார்த்தியம், முடி ரோமானியம், அரசவையில் எழுத்து கிரேக்கமும் அராமியமும் சிரியாக்கும்.

இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. கி.மு. 189இல் அர்த்தாஷெஸ் முடிசூடியதிலிருந்து கி.பி. 405 வரை ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் ஆர்மீனியாவில் அரசர்கள் இருந்தார்கள். அந்த அறுநூறு ஆண்டுகளில் ஆர்மீனிய மொழியில் எழுதப்பட்ட ஒரு வரிகூட நமக்கு இல்லை. எழுத்தே இல்லை. 387இல் ரோமும் பாரசீகமும் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டன, பெரும்பங்கு பாரசீகத்துக்கு. அரசு செத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான், முன்பு அரசவையில் எழுத்தராக இருந்து துறவியான மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் 36 எழுத்துகளை உருவாக்கினார். கத்தோலிக்கோஸ் சஹாக் துணை நின்றார். மன்னன் வ்ரம்ஷபூவும் உதவினான், அந்தப் புண்ணியத்தை அவனிடமிருந்து பறிக்க வேண்டாம். ஆனால் அவன் பாரசீகத்தின் கீழிருந்த ஒரு பாதி நாட்டின் மன்னன். மகா திக்ரானுக்கு இருந்த செல்வத்திலும் வலிமையிலும் இது தோன்றவில்லை என்பதைக் கவனியுங்கள். அவனுக்கு அது தேவைப்படவில்லை. கிரேக்கம் போதுமாக இருந்தது. அவன் மகன் அர்த்தவாஸ்த் கிரேக்கத்தில் துன்பியல் நாடகங்கள்கூட எழுதினான்.

எழுத்து வந்து 23 ஆண்டுகளில் அரசு போனது. எப்படிப் போனது? பகைவன் படையெடுத்து வந்தா? 428இல் ஆர்மீனியப் பிரபுக் குலங்களே, நகரார் என்று அவர்களைச் சொல்வார்கள், பாரசீக மன்னனிடம் போய் எங்கள் அரசனை நீக்கிவிடுங்கள் என்று கேட்டார்கள். அவன் நீக்கினான். சஹாக் மட்டும் எதிர்த்தார். தகுதியற்றவனாக இருந்தாலும் நம்மவன் என்பது அவர் நிலை. பிரபுக்கள் கேட்கவில்லை.

வம்சத்தால்தான் இனம் பிழைத்தது என்பவர்கள் இதற்குப் பிறகு நடந்ததை விளக்க வேண்டும். அரசன் போய் 23 ஆண்டு கழித்து, 451இல், அவராயிர் களத்தில் வர்தான் மாமிகோனியன் தலைமையில் பாரசீகப் படையோடு மோதினார்கள். தோற்றார்கள். வர்தான் இறந்தார். போர் மலைகளில் தொடர்ந்து, 484இல் தங்கள் சமயத்தைப் பின்பற்றும் உரிமையை ஒப்பந்தமாகப் பெற்றார்கள். மேற்படிப்புக்கு வந்த புதிதில் என்னோடு படித்த ஆர்மீனிய நண்பன் ஒருவன் இந்தக் கதையைச் சொன்னபோது, அப்போது உங்கள் ராஜா யார் என்று கேட்டேன். ராஜாவா, அப்போது ராஜா ஏது என்றான். அவனுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

பின்னால் அரசர்கள் மீண்டும் வந்தார்கள். 885இல் பக்ரதூனி குலத்து அசோத்துக்குக் கலீபாவும் பைசாந்தியப் பேரரசனும் ஆளுக்கொரு முடி அனுப்பினார்கள். ஆனி நகரம் எழுந்தது. அதன் தேவாலயங்களின் இடிபாடுகளைப் படத்தில் பார்த்தாலே மனம் கனக்கும், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கதையின் முடிவைப் பாருங்கள். வான் ஏரிப் பகுதியை ஆண்ட அர்த்ஸ்ரூனி மன்னன் செனெகெரிம் 1021இல் தன் நாட்டைப் பைசாந்தியத்துக்குக் கொடுத்துவிட்டு, மாற்றாகச் செபாஸ்தியாவில் நிலம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடும் பரிவாரத்தோடும் குடிபெயர்ந்தான். ஆனியின் மன்னன் ஹோவ்ஹன்னஸ் சிம்பாத், தான் இறந்த பிறகு நகரம் பேரரசனுக்கு என்று எழுதிக் கொடுத்தான். 1045இல் பைசாந்தியர் அந்தப் பத்திரத்தின்படி நகரை எடுத்துக்கொண்டார்கள். 1064இல் செல்ஜூக் சுல்தான் ஆல்ப் அர்ஸ்லான் வந்தபோது ஆனியில் ஆர்மீனிய அரசனே இல்லை. விற்கவும் உயில் எழுதவும் முடிகிற சொத்தாகத்தான் அந்த அரசர்கள் நாட்டைப் பார்த்தார்கள். கிலிகியாவில் எழுந்த கடைசி அரசு 1375இல் மம்லூக்குகளிடம் விழுந்தது. கடைசி மன்னன் லெவோன் 1393இல் பாரிஸில் செத்தான்.

கணக்கு எளிது. 428 முதல் 885 வரை 457 ஆண்டுகள். 1375 முதல் குடியரசு பிறந்த 1918 வரை 543 ஆண்டுகள். இரண்டையும் கூட்டினால் ஆயிரம். ஆயிரம் ஆண்டுகள் அரசன் இல்லாமல் இருந்திருக்கிறார்கள், பாதி வழியில் காணாமல் போகவில்லை.

இந்தச் சிதறலை ஒரே கயிற்றில் கோத்தவர் மோவ்செஸ் கொரெனாட்சி. ஐந்தாம் நூற்றாண்டுக்காரர் என்று மரபு, எட்டாம் நூற்றாண்டு என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. நோவாவின் வழிவந்த ஹாய்க்கிலிருந்து தொடங்கி தன் காலம் வரை இடைவெளி இல்லாமல் தலைமுறைகளை அடுக்கியவர் அவர். பக்ரதூனிகளுக்கு யூத மூலம், அர்த்ஸ்ரூனிகளுக்கு அசீரிய மன்னன் செனகெரிபின் வழி, மாமிகோனியர்களுக்குத் தொலைகிழக்கு. ஒவ்வொரு குலமும் தன் வேரை எவ்வளவு தூரத்தில் காட்ட முடியுமோ அவ்வளவு தூரத்தில் காட்டிக்கொண்டது. மண்ணின் மைந்தன் என்பது அன்று பெருமையாக இருக்கவில்லை போலும். என் தொழிலில் இந்த வேலை பழக்கம். பத்துப் பழைய தரவுத்தளங்களை ஒன்றாக்கச் சொல்வார்கள், தொடர்பு எண் இல்லாத இடத்தில் யாராவது ஒரு எண்ணைப் போட்டு நிரப்பியிருப்பார்கள், அறிக்கை மட்டும் அழகாக வரும். கொரெனாட்சியை நான் பழிக்கவில்லை. அவர் பெரிய எழுத்தாளர், அவர் இல்லாவிட்டால் பழைய பாடல்களும் கதைகளும் போயிருக்கும். அறிக்கையை மூலத் தரவு என்று நம்புகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. வலுவான எதிர்வாதம். ஆர்மீனியர்கள் அந்த நிலத்தில் வந்தேறிகள் என்று எழுதுகிற அண்டை நாடுகள் இருக்கும்போது, 1915ஐ மறுக்கிற அரசு இருக்கும்போது, பழமையைப் பிடித்துக்கொள்வது ஆடம்பரமா என்று கேட்பார்கள். ஆடம்பரம் அல்ல, தற்காப்பு. அது எனக்கும் புரிகிறது. ஆனால் எந்தத் தற்காப்பு என்பதுதான் கேள்வி. இந்த நிலம் எங்களுடையது, ஏனென்றால் ஆர்கிஷ்டி எங்கள் மன்னன் என்று வாதாடினால், ஆர்கிஷ்டியின் மொழி உங்கள் மொழி அல்ல என்று எதிராளி நிரூபித்தால் போதும், வழக்கு முடிந்தது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் எங்கிருந்து வந்தவர்கள் என்ற சர்ச்சையை வைத்து நம் இருப்பையே கேள்வி கேட்கிறவர்களைப் பார்த்த நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வயலை உழுதவர்களுக்கும் பிள்ளைக்கு அந்த மொழியில் பெயர் வைத்தவர்களுக்கும் உள்ள உரிமையை, அரசனின் பிறப்புச் சான்றிதழில் ஏன் கொண்டுபோய்க் கட்ட வேண்டும்?

ஆர்மீனியர்கள் இதை யோசிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே யோசித்தார்கள். யோசித்த இடம் சென்னை.

சென்னையில் ஆர்மீனியன் தெரு இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை அரண்மனைக்காரன் தெரு என்பார்கள். ஆர்மீனியன் என்ற சொல் வாயில் புரளாமல் அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. அங்கே அரண்மனை கிடையாது. இருந்தவர்கள் வணிகர்கள். பட்டும் மணிக்கற்களும் விற்றவர்கள், சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் மர்மலாங் பாலம் கட்டிய கோஜா பெட்ரூஸ் உஸ்கானைப் போன்றவர்கள். பலருக்கும் மூல ஊர் பாரசீகத்தின் புதிய ஜுல்ஃபா. அதற்கு முந்தைய மூலம் அராஸ் ஆற்றங்கரையில் இருந்த பழைய ஜுல்ஃபா. 1604, 1605இல் ஷா அப்பாஸ் அந்த ஊரைக் காலிசெய்து மக்களை இஸ்பஹானுக்கு நடத்திக்கொண்டு போனான். ஆர்கிஷ்டியும் திக்ரானும் மற்றவர்களுக்குச் செய்தது இவர்களுக்கு நடந்தது.

புதிய ஜுல்ஃபாவிலிருந்து வந்த ஷாஹாமீர் ஷாஹாமீரியன் என்ற வணிகர் சென்னையில் ஓர் ஆர்மீனிய அச்சகம் நிறுவினார். 1772இல் அங்கே ஒரு சிறு நூல் அச்சானது. மோவ்செஸ் பக்ராமியன் எழுதியதாகச் சொல்லப்படும் ‘நோர் தெத்ராக்’, ஆர்மீனிய இளைஞர்களைத் தட்டியெழுப்ப வந்த புதிய ஏடு. அதில் பழைய அரசர்களின் வரலாறு வருகிறது. எதற்காக வருகிறது என்பதுதான் முக்கியம். நாடு ஏன் போனது என்று கேட்பதற்காக. மன்னர்களின் தன்னிச்சையான ஆட்சி, சட்டம் இல்லாமை, மக்களின் அறியாமை என்று அது குற்றப்பத்திரிகை வாசிக்கிறது. அடுத்து அதே அச்சகத்திலிருந்து ‘வோரோகாய்த் பாராத்ஸ்’ வந்தது. புகழின் கண்ணி என்று தமிழில் சொல்லலாம். முகப்பில் 1773 என்று இருந்தாலும் அச்சானது 1780களில் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. 521 பிரிவுகளில் ஒரு நாட்டின் அரசியல் சட்டம். இல்லாத நாட்டுக்கு. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட அவை உண்டு, சட்டத்துக்கு மேல் எந்த மனிதனும் இல்லை. புகழ் தேடிப் புறப்படுகிறவனைச் சட்டம் என்ற கண்ணியில் பிடிக்க வேண்டும் என்பதுதான் தலைப்பின் பொருள். உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் வெளிவந்ததும் சென்னையில்தான், பாதிரியார் ஹருத்யூன் ஷ்மாவோனியனின் உழைப்பில்.

இவர்களும் முழுக்க மகுட ஆசை விட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஷாஹாமீரியன் தன் கனவுக்குத் துணை தேடி ஜார்ஜிய மன்னன் இரண்டாம் எரெக்லேவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அந்த எரெக்லே பக்ரதூனி குலத்தின் ஒரு கிளையில் வந்தவன். வம்சத்தின் ஈர்ப்பு அவ்வளவு வலியது. ஆனாலும் வணிகர் அவனிடம் அனுப்பியது புகழ்மாலை அல்ல, ஆட்சியைத் திருத்தும் யோசனைகள்.

‘நோர் தெத்ராக்’ யாரைக் கோபப்படுத்தியது தெரியுமா? துருக்கிய சுல்தானை அல்ல, பாரசீக ஷாவை அல்ல. எச்மியாட்சினில் இருந்த ஆர்மீனியக் கத்தோலிக்கோஸ் சிமியோனை. நூலை அழிக்கச் சொன்னார். முன்னோரைப் பற்றிக் கேள்வி கேட்டவர்களை அவர்களின் சொந்த வீட்டிலிருந்தே முதலில் அதட்டினார்கள்.

அடுத்த ஒன்றுகூடலுக்குப் படம் தேடுகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். திக்ரானின் வரைபடத்தை எடுத்துவிட்டு ‘நோர் தெத்ராக்’ நூலின் முகப்பைப் போடுங்கள். சென்னையில் அச்சான நூல், அதில் நமக்கும் கொஞ்சம் உரிமை உண்டு. அப்படியே யாராவது ஒருவர், ஆர்மீனியம் தெரிந்தவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அதன் அரசர் அத்தியாயங்களை மட்டுமாவது தமிழில் கொண்டுவந்தால், இந்த இதழ் பக்கம் ஒதுக்கும் என்று நம்புகிறேன். கைதட்டல் கிடைக்குமா என்பது வேறு விஷயம்.